மூன்று வயதுக்குக் கீழ் இலவசம்

விமர்சனம் என்றதும் நாவலையும் கவிதையையும் நாடகத்தையும் மட்டுமே நினைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒரு காலத்தின் மனத்தை அறிய விரும்புவோன், அக்காலத்து மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று கண்டு களித்தவற்றையும் ஆராய்தல் வேண்டும். இவ்வகையில், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் உருப்பெற்று இன்று பல நாடுகளிலும் பரவிவிட்ட களியாட்டப் பூங்கா விமர்சகனின் கவனத்துக்கு முற்றிலும் உரியது. ஒரு கதையை எடுத்து, அதற்கேற்ற வீதி, மாளிகை, மலை, ஆறு, மாந்தர் ஆகிய அனைத்தையும் சமைத்து, காண்போரையே அதனுள் நடமாட விடுகின்ற இப்பூங்கா, சினிமாவுக்கு அடுத்தபடியாக முதலாளித்துவ உலகம் கண்டெடுத்த பெருங்கலை வடிவம் எனலாம். இப்பூங்காக்கள் யாருக்காகக் கட்டப்பட்டன என்று கேட்டால், குழந்தைகளுக்காக என்றே எவரும் விடையிறுப்பர். கைக்குழந்தை முதல் நான்கு வயது வரையுள்ள மிகச் சிறிய பிள்ளையின் நிலையில் நின்று அவ்விடையைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடிவத்தின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். கலிபோர்ணியா மாநிலத்தின் அனகைம் நகரில் 1955 யூலை 17 ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதன் மூலக்கருத்துத் தமக்கு எவ்வாறு தோன்றிற்று என்பதை வோல்ட் டிஸ்னி பிற்காலத்திற் கூறியுள்ளார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் அவருடைய இரு பெண்மக்களும் மரக்குதிரை இராட்டினத்திற் சுற்றிக்கொண்டிருக்க, அவர் ஒரு வாங்கில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அப்பொழுதே பிறந்ததாம். இக்கதை பலராலும் எடுத்துக் கூறப்படுவது. ஆயினும் இதிலுள்ள ஓர் உண்மையைப் பலரும் கவனிப்பதில்லை. இராட்டினத்தில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. குறை வாங்கிலிருந்த தந்தைக்கே இருந்தது. ஆகவே வளர்ந்தோரின் சலிப்பைத் தீர்க்க எழுந்ததே இப்பூங்கா. குழந்தை அதற்கு வாய்த்த நியாயம் என்றே கொள்ளல் வேண்டும்.

சலிப்பு என்ற சொல்லை நாம் காரணமின்றிக் கூறவில்லை. 1906 ஆம் ஆண்டு அமெரிக்கா சென்ற மாக்சிம் கோர்க்கி, நியூயோர்க் நகரத்தை அடுத்த கோனித் தீவின் களியாட்டக் களங்களைக் கண்டு ஒரு கட்டுரை வரைந்தார். அதற்கு அவர் இட்ட தலைப்பே சலிப்பு என்பதாகும். இரவில் எண்ணற்ற விளக்குகளால் மாயநகர் போலத் தோன்றிய அவ்விடம், அருகிற் சென்று நோக்குவோருக்கு மலிவான கட்டடங்களின் தொகுதியாகவே காட்சியளித்தது. உழைத்துக் களைத்த மக்கள் அங்கு மகிழ்வதற்காகச் சென்று, மகிழ்ச்சியின்றித் திரும்பியதை அவர் கண்டார். பேச்சற்றுச் சுற்றிப் பார்த்துத் திரிந்த குழந்தைகளைக் கண்டு அவர் மனம் இரங்கிற்று. ஆரவாரத்தின் நடுவே குழந்தையின் மௌனத்தைக் கவனித்த எழுத்தாளர் அவர்.

அதே கோனித் தீவில் மிகச் சிறிய குழந்தைகளைப் பற்றிய வேறொரு வரலாறும் உண்டு. குறைமாதத்திற் பிறந்த சிசுக்களைக் கண்ணாடிப் பேழைகளில் வெப்பமூட்டிக் காத்த மார்ட்டின் கூனி என்பவர், 1903 முதல் 1943 வரை அங்கே அவர்களைக் காட்சிக்கு வைத்தார். பார்க்க வந்தோர் 25 சதம் கொடுத்தனர். பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்கப்படவில்லை. பெரும்பாலான மருத்துவமனைகள் இத்தகைய சிசுக்களைக் காக்கும் வசதியற்றிருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான உயிர்கள் அந்த நுழைவுக் காசினாலே காக்கப்பட்டன. கூனியின் பணியைப் பழிக்க நமக்கு மனம் வராது. பழிக்க வேண்டியது, தன் மிக நலிந்த உறுப்பினரின் உயிரைக் காட்சிக்கூடத்தின் வாயிற்காசிடம் ஒப்படைத்த சமுதாயத்தையே. பொதுமக்களின் உரிமையாக இருக்க வேண்டிய ஒன்று வேடிக்கையாக விற்கப்படும் இம்முறையை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நூலைப் படியாது அதன் விலையை மட்டும் பழிப்பவன் விமர்சகனல்லன். ஆகவே பூங்காவின் உள்ளே புகுந்து, சிறு பிள்ளைகளுக்கென்றே பெயர்பெற்ற இரு படைப்புக்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ‘இது ஒரு சிறிய உலகம்’ என்னும் பொருள்படும் பெயருடைய படகுச் சவாரி. 1964 ஆம் ஆண்டின் நியூயோர்க் உலகப் பொருட்காட்சியில், யுனிசெப் அமைப்பைச் சிறப்பிக்கும் முகமாகப் பெப்சி நிறுவனத்தின் ஆதரவில் அமைக்கப்பட்ட இது, 1966 இல் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் வண்ணமும் வடிவமும் பெரும்பாலும் மேரி பிளேயர் என்னும் ஓவியரின் கைவண்ணம். உயரக் கட்டுப்பாடு இல்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துச் செல்லலாம். படகு மெல்ல நகர்கிறது. பல நாட்டு உடையணிந்த பொம்மைகள் இருமருங்கும் ஆடுகின்றன. ஒரே மெட்டு மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. வளர்ந்தோருக்கு எரிச்சலூட்டும் இந்த மீண்டும் மீண்டும் வருதலே ஒரு வயதுப் பிள்ளைக்கு இன்பமாகிறது. மெல்லசைவு, தெளிந்த நிறம், திரும்ப வரும் ஓசை ஆகிய மூன்றும் அவ்வயதின் இரசனைக்கு உகந்தவை. அவ்வகையில் இது வெற்றி பெற்ற கலை என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மையாகும்.

ஆனால் உள்ளடக்கம் வேறு கதை கூறுகிறது. எல்லா நாட்டுப் பொம்மைகளுக்கும் முகம் ஏறக்குறைய ஒன்றே. உடைதான் வேறு. உழைப்போ பசியோ அங்கில்லை. அமெரிக்கா வியட்நாம் யுத்தத்தில் மேலும் மேலும் ஆழ்ந்துகொண்டிருந்த ஆண்டிலே, உலகக் குழந்தைகள் அனைவரும் ஒரே பாட்டைப் பாடி ஒன்றாயினர் என இது அறிவித்தது. இந்தப் பொய்ம்மை மடியிலிருக்கும் குழந்தையைத் தொடாது. அது நிறத்தையும் ஓசையையும் மட்டுமே கொள்ளும். பொய்யை உண்டு ஆறுதல் பெறுபவர் மடியில் அதனை வைத்திருப்பவரே.

இரண்டாவது, 1955 ஆம் ஆண்டு முதலே உள்ள ‘ஸ்னோ வைட்’ கதையின் இருட்டுச் சவாரி. தொடக்கத்தில் இதனுள் ஸ்னோ வைட்டின் உருவமே இருக்கவில்லை. வண்டியில் இருப்பவரே ஸ்னோ வைட் என்பதும், சூனியக்காரி அவரையே துரத்துகிறாள் என்பதும் அமைத்தோரின் கருத்து. நாடகக் கலை நோக்கில் இது துணிவான உத்தி. ஆயினும் பலருக்கு அது விளங்கவில்லை. 1983 ஆம் ஆண்டின் புதுப்பிப்பில் ஸ்னோ வைட்டின் உருவம் சேர்க்கப்பட்டதோடு, அச்சமூட்டுவது என்ற எச்சரிக்கையும் பெயரிலே இடம்பெற்றது. 2021 இல் மீண்டும் மாற்றியமைத்தபொழுது அச்சம் பெரிதும் தணிக்கப்பட்டது. இம்மாற்றங்கள் எதனைக் காட்டுகின்றன? போலியும் மெய்யும் வேறென்று இன்னும் உறுதியாக அறியாத பிள்ளைக்குப் பாத்திரமாக நடிப்பதென்ற மரபு பொருளற்றது. அதற்குத் தெரிவது இருட்டும், இருட்டிலிருந்து பாயும் கிழவியுமே. தன் மிகச் சிறிய இரசிகர் யாரென்பதை இக்கலை அறிந்துகொள்ள அறுபத்தாறு ஆண்டுகள் சென்றன.

ஈண்டு நம் இலக்கியத்திலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைத்தமிழை மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்களிற் பாடுக என்பது பாட்டியல் மரபு. செங்கீரையில் தலை நிமிர்த்தி அசையும் பிள்ளை, சப்பாணியிற் கைகொட்டி, வருகையில் அடியெடுத்து வைத்து, சிற்றிலில் மணலோடு கூடுகிறது. பிள்ளைத்தமிழும் வளர்ந்தோர் சுவைக்கப் பாடப்பட்டதே. தெய்வத்தையும் மன்னரையும் பாடியதேயன்றி உழவன் பிள்ளையைப் பாடியதன்று. இக்குறையை மறைக்க வேண்டியதில்லை. எனினும், குழந்தையின் உடலும் மனமும் படிப்படியாக எவற்றைச் செய்ய வல்லன என்பதையே அது தன் பருவங்களின் அடிப்படையாகக் கொண்டது. பூங்காவோ வாயிலில் ஓர் அளவுகோலை நட்டு, பிள்ளை எவற்றுக்கு இன்னும் உரியதன்று என்பதைக் கூறுகிறது. புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவின் விண்வெளி மலைச் சவாரிக்கு 44 அங்குல உயரம் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை அதற்கு வெகு தொலைவில் நிற்கிறது. தாய் பிள்ளையோடு நிற்கத் தந்தை சென்று வரவும், பின்னர் தந்தை நிற்கத் தாய் சென்று வரவும் ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. பாலூட்டவும் அணையாடை மாற்றவும் தனி மனைகள் உள்ளன. இவை மெச்சத்தக்க வசதிகளே. ஆனால் இவை யாவும் பிள்ளையைச் சுமந்துகொண்டு வளர்ந்தோர் பூங்காவைத் துய்ப்பதற்கான வசதிகள் என்பதையும் காணல் வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். 1955 இல் டிஸ்னிலாந்தின் நுழைவுக் கட்டணம் வளர்ந்தோருக்கு ஒரு டொலர், பிள்ளைகளுக்கு 50 சதம். சவாரிகளுக்குத் தனிக்காசு. இன்று கூட்டம் மிகுந்த நாட்களில் வளர்ந்தவர் ஒருவருக்கு 200 டொலருக்கு மேல். மூன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைக்குச் சிறிதே குறைவு. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு இலவசம். இவ்விலவசத்தைக் கொடை என எண்ணுதல் தவறு. மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முன் நடந்தவை வளர்ந்த பின் பெரும்பாலும் நினைவில் நில்லா என்பது உளவியலார் நன்கறிந்தது. நினைவில் நில்லாத மகிழ்ச்சி மகிழ்ச்சியன்று என நாம் கூறமாட்டோம். தாலாட்டையும் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் பூங்கா விற்பது நினைவையே. அந்நினைவைக் கொள்பவரும் புகைப்படத்தைப் பேணுபவரும் பெற்றோர். ஆதலால் பெற்றோரிடம் விலை பெறப்பட்டு, பிள்ளை இலவசமாக உள்ளே விடப்படுகிறது.

வரிசையில் நிற்பதிலும் இத்தகைய மாற்றம் ஏற்பட்டுள்ளது. ஒரு காலத்தில் செல்வனும் ஏழையும் ஒரே வரிசையில் நின்றனர். 1999 இல் நேரம் குறித்த சீட்டு முறை வந்தபொழுதும் அது நுழைவுச் சீட்டுப் பெற்ற எல்லாருக்கும் இலவசமாகவே இருந்தது. 2021 முதல் அவ்வசதி காசுக்கு விற்கப்படுகிறது. ஒரு மணி நேரம் என்பது வளர்ந்தவனுக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவினதன்று. வெயிலில் அழும் பிள்ளையின் பொறுமையின்மைக்கும் இப்பொழுது ஒரு சந்தை விலை உண்டு.

பிள்ளை கட்டியணைக்க ஓடும் அந்தப் பெருந்தலை எலியின் உள்ளே ஒரு தொழிலாளி இருக்கிறார். தொழிற்சங்கங்கள் வேண்ட, ஒக்சிடென்டல் கல்லூரி ஆய்வாளர் முதலியோர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரைத்த டிஸ்னிலாந்துத் தொழிலாளருள் நூற்றுக்கு 11 பேர் முந்திய இரண்டாண்டுகளுக்குள் வீடற்றிருந்ததாகக் கூறினர். 2024 மே மாதத்தில், வேடமணிந்து பிள்ளைகளை மகிழ்விப்போரும் ஊர்வலக் கலைஞருமாக ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்ட தொழிலாளர் பிரிவு, நடிகர் தொழிற்சங்கத்தில் இணைய வாக்களித்தது. பூங்காவின் வரலாற்றில் ஒரு புதிய சவாரி திறக்கப்பட்டதைக் காட்டிலும் இது முக்கியமான நிகழ்ச்சி என்பது நம் கருத்து. பிள்ளையின் புன்னகையும் உழைப்பின் விளைவே என்பதை அவர்கள் உலகுக்கு உணர்த்தினர்.

பெற்றோரைப் பழிப்பது நம் நோக்கமன்று. தொழிலாளருக்குச் சம்பளத்துடன் ஆண்டு விடுமுறை அளித்தே தீர வேண்டும் என்ற தேசியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. கிடைத்த சில நாட்களுக்குள் ஓராண்டின் தாய்மையையும் தந்தைமையையும் செலுத்திவிட வேண்டிய நிலையில் உள்ளவர், கடன்பட்டேனும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கு ஓடுவதில் வியப்பில்லை. அவர்கள் வாங்க முயல்வது ஓய்வையும் பிள்ளையோடு கூடியிருக்கும் பொழுதையுமே. வேறெங்கும் கிடைக்காத அதனைப் பூங்கா ஒரு நாளுக்கென அளந்து விற்கிறது.

வேறு வழி உண்டா என வாசகர் வினவலாம். கொப்பன்ஹேகன் நகரின் புகழ்பெற்ற திவோலிக் களியாட்டத் தோட்டம் 1843 இல் திறக்கப்பட்டது. மக்கள் களிப்பில் ஆழ்ந்திருக்கையில் அரசியலை எண்ணார் என்று மன்னரிடம் எடுத்துரைத்தே ஜோர்ஜ் கார்ஸ்டென்சன் அதற்கு உரிமை பெற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சரியாக நூறாண்டு கழித்து, 1943 இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த அதே நகரின் எம்ட்ரப் குடியிருப்பில், கழித்த பலகைகளையும் செங்கற்களையும் கொண்டு பிள்ளைகள் தாமே கட்டியும் இடித்தும் விளையாடும் ஒரு திடல், தோட்டக்கலைஞர் சோரன்சனின் கருத்துப்படி உருவாயிற்று. அது சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானது. மிகச் சிறியோருக்கு வேண்டியதை அம்ஸ்டர்டாம் நகரசபை செய்தது. 1947 முதல் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக், யுத்தத்தின் பின் வெறுமையாய்க் கிடந்த மனைகளிலும் தெருமுனைகளிலும், மணற்குழியும் தாவிச் செல்லக் கற்களும் பற்றித் தொங்க இரும்பு வளைவுகளும் அமைத்தார். எழுபதுகளின் இறுதிக்குள் அவை எழுநூற்றுக்கு மேலாயின. அவற்றுட் பல இன்று இல்லை. ஆயினும் அங்கு நுழைவுச் சீட்டு இருக்கவில்லை. எவருடைய கதையையும் பிள்ளை ஏற்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு அருகிலேயே இருந்தமையால் நாள்தோறும் செல்லவும், உறக்கம் வந்ததும் திரும்பவும் முடிந்தது.

களியாட்டப் பூங்காவை மூடிவிட வேண்டும் என்பது நம் வாதமன்று. மெல்ல நகரும் படகில் கண்விரித்திருக்கும் பிள்ளையின் மகிழ்ச்சி மெய்யானதே. ஆனால் குழந்தைகளுக்கென எழுந்த கலை என்ற பட்டத்தை அதற்கு வழங்க முடியாது. அது வளர்ந்தோரின் களைப்பிலிருந்து எழுந்து, அக்களைப்பை மாற்றாது, அதன்மேல் வாணிகம் நடத்தும் கலை. பெற்றோருக்குச் சம்பளத்துடன் ஓய்வு, வேடமணிந்து உழைப்போருக்கு வாழத்தக்க ஊதியம், ஒவ்வொரு குடியிருப்பிலும் காசின்றிப் புகத்தக்க ஒரு மணற்பரப்பு ஆகிய மூன்றும் கிட்டும் நாளில், பூங்காவும் தன் உண்மையான அளவுக்குச் சுருங்கி, இன்பந்தரும் வேடிக்கைகளுள் ஒன்றாய் நிற்கும். குழந்தை இலக்கியம் பற்றியும் குழந்தைக் கலை பற்றியும் பேசுவோர் இம்மூன்றையும் தம் பேச்சிற் சேர்த்துக்கொள்வார்களாக.