தெருவும் பெயரும்: வெம்பிளித் தமிழரின் ஒளிப்பட நினைவில் ஊர்

'ஊர்' என்னும் சொல்லுக்கு வாழிடம் என்று மட்டும் பொருள்கொள்வது போதாது என்பதை மானிடவியலாளர் ஈ. வலன்டைன் டானியல் 1984இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். எல்லை வரையப்பட்ட நிலப்பரப்பு அன்று ஊர். அது பேசுபவரை நடுவாகக் கொண்டு விரிந்தும் சுருங்கியும் அமைவது. இலண்டனின் வடமேற்கே உள்ள வெம்பிளியில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஈழத்தமிழர் ஒருவரை 'எந்த ஊர்?' என்று வினவினால் மயிலிட்டி, கரவெட்டி, புங்குடுதீவு என்றே விடை வரும்; வெம்பிளி என்று வருவது அரிது. அவர்தம் பிள்ளைகளுக்கோ நடைபழகிய தெரு ஈலிங் றோட். பெற்றோரின் ஊரை அவர்கள் அறிந்தது பெரும்பாலும் படங்களின் வழியே. (அயலகத் தமிழ் மாநாடுகளில் தவறாது ஒலிக்கும் கணியன் பூங்குன்றனாரின் பாட்டு இவ்விடத்தில் உதவாது. எல்லா ஊரும் ஒன்றே என்பவருக்கு ஊர்ப்படம் எதற்கு?) ஒரு தெருவின் ஒளிப்படம் எப்போது ஊரின் நினைவாகிறது என்னும் வினாவை இவ்விரு தலைமுறைகளுக்கும் இடையிலே வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வெம்பிளிக்குப் படம் புதிதன்று. 1924 ஏப்ரல் 23ஆம் நாள் அங்கே தொடங்கிய பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி, உலகில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட தற்காலிக நகரங்களுள் ஒன்று எனலாம். அதன் வீதிகளுக்குப் பெயரிட்டவர் ரட்யார்ட் கிப்ளிங். இலங்கைக்கு உரிய மண்டபம் கண்டித் தலதா மாளிகையின் சாயலில் எழுப்பப்பட்டது. இரு பருவங்களில் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர் வந்து சென்றனர். அஞ்சலட்டைகள் அக்காட்சிகளை உலகெங்கும் கொண்டுசென்றன. அவ்வட்டைகளில் தெரு அகன்றும் தூய்மையாகவும் இருக்கும். மனிதர் கட்டடத்தின் உயரத்தை உணர்த்தும் அளவுகோல்களாகவே சிறுத்து நிற்பர். ஈழத்தமிழர் பெருந்தொகையாக வந்து குடியேறுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இலங்கை வெம்பிளியில் காட்சிப்பொருளாக நின்றுவிட்டது. படமும் உண்டு, தெருவும் உண்டு, பெயரும் உண்டு. ஆயினும் அது எவருக்கும் ஊராகவில்லை. ஏனெனில் அப்பெயர்களை இட்டவர் அங்கு வாழ்ந்தவர் அல்லர்.

பின்னர் மறைந்த பெருங்கட்டடங்களுக்கும் படச்சான்று நிறைய உண்டு. விளையாட்டரங்கின் இரட்டைக் கோபுரங்கள் 2003இல் வீழ்த்தப்பட்டன. 2007இல் திறக்கப்பட்ட புதிய அரங்கின் 133 மீற்றர் உயர வளைவு இன்று வானெல்லையை ஆள்கிறது. கண்காட்சிக் காலத்துக் கைத்தொழில் மாளிகையின் எஞ்சிய பகுதி 2013இல் அகன்றது. அதே ஆண்டில் மாநகராட்சி அலுவலகம் பழைய நகர மண்டபத்தை விட்டுப் புதுக் கட்டடத்துக்குச் சென்றது. ஆனால் ஈலிங் றோட்டில் ஒரு பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகை குஜராத்தியிலிருந்து தமிழுக்கு மாறிய நாளை எவர் படமெடுத்தார்? ஊர் மாறுவது கோபுரத்தில் அன்று, பலகையில்.

வெம்பிளி அடங்கிய பிரென்ட் பெருநகரப் பகுதியை உள்ளிருந்து பார்த்த படத்தொகுப்புகளுள் றோய் மேத்தாவின் 'ரிவைவல்: இலண்டன் 1989–1993' தலையாயது. கரீபிய, அயர்லாந்து வழிவந்த மக்களின் வழிபாடும் வீடும் தெருவும் கறுப்பு வெள்ளையில் பதிவான இப்படங்கள் 2021இல்தான் நூலாயின. முப்பது ஆண்டு இடைவெளி அவற்றின் இயல்பையே மாற்றிவிட்டது. எடுக்கப்பட்ட காலத்தில் அயலாரின் வாழ்க்கையாக இருந்தவை, நூலான காலத்தில் அம்மக்களுடைய பிள்ளைகளின் குடும்பப் படங்களாகிவிட்டன. மேத்தாவின் வலிமை அவர் நிற்கும் தொலைவில் உள்ளது. படத்தில் உள்ளவர் அவரைப் பொருட்படுத்தாமல் இருக்கும் அளவுக்கு நெருங்கியும், அவர்களைத் தம் கருத்துக்குச் சான்றாக்காத அளவுக்கு விலகியும் நிற்கிறார். தமிழர் அத்தொகுப்பின் பொருள் அல்லர். அதைக் குறையாகச் சொல்வது நேர்மையாகாது. எனினும் அதே ஆண்டுகளில் அதே பகுதியில் பல்கிக்கொண்டிருந்த தமிழ்க் குடியிருப்புக்கு இத்தகைய ஒரு கண் வாய்த்ததா என்று கேளாதிருக்க இயலாது.

வாய்த்தது ஆல்பம். ஈழத்தமிழரின் ஒளிப்பட மரபு சடங்கைச் சூழ்ந்து வளர்ந்தது: பூப்புனித நீராட்டு, திருமணம், அந்தியேட்டி. அதில் தெரு தற்செயலாகவே நுழையும்; மணமக்கள் இறங்கும் காருக்குப் பின்னால் ஒரு மதில், ஒரு மின்கம்பம், எட்டிப்பார்க்கும் ஒரு சிறுவன். ஈலிங்கில் கனக துர்க்கை அம்மன் தேர் வீதியுலா வரும் நாளில் மட்டுமே தெரு படத்தின் நடுவுக்கு வருகிறது. அன்றும் கண் தேரின் மீதே.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் தெருவில் நின்று படமெடுப்பது ஐயத்துக்கு உரிய செயலாயிற்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது ஆல்பத்தைக் கையில் எடுக்க எல்லாருக்கும் இயலவில்லை. ஆகவே பல குடும்பங்களில், முன்பே அஞ்சலில் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய படிகளே எஞ்சின. மூலம் அழிந்து படி வாழ்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக்கண்ட ஒரு சமூகத்துக்கு, வெம்பிளியின் அடுக்குமாடி வீடொன்றில் அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கும் ஆல்பம் ஓர் ஆவணக் காப்பகம் என்றால் அது மிகையன்று. 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் கிடந்து, 2017இல் ஒரு பகுதி மட்டும் திறக்கப்பட்ட மயிலிட்டி போன்ற ஊர்களுக்கு, மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் தெரியும் அந்த மதிலே தெருவின் சான்று. அத்தகைய படத்தைப் பார்க்கும் முதியவர் முகங்களைக் கடந்து பின்புலத்துக்குச் செல்வார்: இது இன்னார் வீட்டுப் படலை, இதற்கு அப்பால் வாசிகசாலை. அப்பெயர்கள் சொல்லப்படும் கணத்தில்தான் குடும்பப் படம் தெருப் படமாகிறது. தெருவை ஊராக்குவது படமெடுத்தவரின் கண்ணிலும் பார்க்கிறவரின் நாவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

படமெடுக்கும் கண்ணைப் பற்றி நம் இலக்கியமே ஒன்று சொல்லியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரையின் தெருக்களை நமக்குக் காட்டுகிறவன் மதுரையான் அல்லன். புகாரை விட்டு வந்த கோவலன். மணியும் பொன்னும் அறுவையும் கூலமும் விற்கும் தெருக்களை ஒவ்வொன்றாகக் கண்டு திரும்புகிறான். ஊர்காண் காதையை அடுத்து வருவது அடைக்கலக் காதை என்பதை இன்றைய வாசகர் எண்ணிப்பார்க்கத்தக்கது. புதிதாக வந்தவனுக்கே தெரு முழுதாகத் தெரிகிறது. வாழ்பவனுக்கு அது வழி மட்டுமே. அவன் விட்டுவந்த புகாரோ மணிமேகலையில் கடல்கொள்ளப்படுகிறது. எண்பதுகளில் வெம்பிளிக்கு வந்திறங்கிய தமிழருக்கும் அந்தக் கண் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் ஊருக்கு அனுப்பிய படங்கள் காருக்கும் பனிக்கும் முன்னால் நின்று எடுத்தவை. நலமாக இருக்கிறோம் என்று காட்டவேண்டிய கடமை தெருவைப் பார்க்கும் உரிமையை விழுங்கிவிட்டது.

படம் எஞ்சாத இடத்தில் என் செய்வது? தா. சனாதனனின் 'முழுமையற்ற தோம்பு' (2011) இவ்வினாவுக்கு ஒரு விடை. இடம்பெயர்ந்த எண்பது பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகின்றனர். கட்டடவரைஞர் அதை அளவுக்குள் கொணர்கிறார். ஓவியர் அதற்கு மறுமொழியாக ஓர் ஓவியம் இடுகிறார். ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேட்டின் பெயரை நூலுக்குச் சூட்டியதிலேயே ஒரு திறனாய்வு அடங்கியிருக்கிறது. எனினும் அந்நூல் வீட்டின் வாசலோடு பெரிதும் நின்றுவிடுகிறது. வீடு ஒருவருடைய நினைவு, தெரு பலருடையது. பலருடையது என்பதாலேயே அது சிக்கலானது.

'நம் ஊர்த் தெரு' என்று கூட்டாக நினைவுகூரும்போது அந்த 'நம்'முள் யார் யார் அடங்குவர்? மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதியினர் 1968இல் போராட வேண்டியிருந்தது. கோயில் வாசலில் மறிக்கப்பட்டவரும் அதற்கு வெளியே உலா வந்தவரும் ஒரே வீதியின் படத்தைப் பார்த்து ஒரே ஏக்கத்தை அடைவார்கள் என்று கொள்வதற்கில்லை. யாழ்ப்பாணச் சோனகத் தெருவின் கதை இன்னும் கடியது. 1990 ஒக்டோபர் 30இல் அங்கிருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சரியாக ஐந்தாண்டு கழித்து அதே நாளில் தமிழர் நகரை விட்டு நடந்தனர். புலம்பெயர் தமிழரின் நினைவு மலர்களும் ஊர்ச்சங்க மலர்களும் இரண்டாவதைப் படங்களோடு விரித்துரைக்கின்றன. முதலாவது அவற்றில் பெரும்பாலும் மௌனம். பழைய யாழ்ப்பாணத்தின் எந்தக் கடைத்தெருப் படத்திலும் அம்மக்கள் நிற்கிறார்கள். பெயர் சொல்லுவார்தான் இல்லை. பெயரிடலே ஊரை ஆக்குகிறது எனில், பெயரிடாமை ஊரிலிருந்து நீக்குதலுமாகிறது. ஏக்கத்தின் இனிமையில் இதைக் காணத் தவறும் திறனாய்வு, திறனாய்வு ஆகாது.

இந்த அளவுகோலை வெம்பிளிக்கும் வைக்கவேண்டும். தமிழர் வந்தபோது ஈலிங் றோட் வெற்றிடமாக இருக்கவில்லை. 1972இல் உகண்டாவிலிருந்து துரத்தப்பட்டவர்களும் பிற கிழக்காபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களுமான குஜராத்தியர் அத்தெருவைத் தம் ஊராக்கிக்கொண்டிருந்தனர். சேலைக்கடையும் நகைக்கடையும் மரக்கறிக் கடையும் அவர்களுடையவை. ஆல்பர்டன் பக்கத்தில் ஈழபதீசுவரர் ஆலயம் எழுந்தது. இழந்த நிலத்தின் பெயரை இறைவன் தாங்க, அது இலண்டன் தெருவொன்றின் அடையாளமாயிற்று. அதற்குச் சற்று அப்பால், ஈலிங் றோட்டில் செதுக்குக்கல்லால் ஆன சனாதன இந்துக் கோயில் 2010இல் திறக்கப்பட்டது. இன்று இரண்டுக்கும் மேலாக உயர் மாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன. வாடகை ஏற ஏறக் கடைகள் கைமாறுகின்றன.

கூகுள் நிறுவனத்தின் தெருக்காட்சி வண்டி இத்தெருக்களையும் பதிவுசெய்து வருகிறது. அதில் முகங்கள் மங்கலாக்கப்படும், பெயர்ப்பலகைகள் தெளிவாயிருக்கும். ஆல்பத்தின் முறைமை இதற்கு நேரெதிர்: முகம் தெளிவு, பலகை மங்கல். இரண்டையும் அருகருகே வைத்து, தொண்ணூறுகளில் நகை எடுக்கவும் கூறை எடுக்கவும் ஈலிங் றோட்டுக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் படங்களைப் பின்புலத்திலிருந்து முன்னோக்கி வாசிக்கும் பணி செய்யப்படவேண்டியுள்ளது. அப்படங்களில் கல்லாவுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் குஜராத்தி முதலாளிக்குத் தமிழ் ஆல்பத்தில் பெயர் இல்லை. அவர் வீட்டு ஆல்பத்தில் கடைவாசலில் நிற்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் பெயர் இராது. ஒருவர் தெரு மற்றவர் பெட்டியில் இருக்கிறது.