ஆனந்தரங்கர் கண்ட நம் கோயில்

வரலாறு எழுதுகிறவர் முடிவை அறிந்துகொண்டு தொடக்கத்தை எழுதுகிறார். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. நாளை நடக்கப்போவதை அறியாமலே, இன்று கண்டதையும் கேட்டதையும் எழுதி ஏட்டை மூடிவைக்கிறார். புதுச்சேரியில் வணிகராய் இருந்து, பின்னர் ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761), 1736 செப்டம்பர் தொடங்கி ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதிய நாட்குறிப்பைப் படிக்கும்போது இந்த வேறுபாடு நன்கு புலனாகிறது.

செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு இந்நூல் அயலூர்ச் செய்தி அன்று. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை அது அவர்கள் வசமே இருந்தது. அவ்வாண்டுகளின் பரபரப்பெல்லாம் பிள்ளையின் ஏட்டில் உண்டு. 2025இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்த பின், மலையேறிப் பார்க்க வருவோர்க்குத் தேசிங்குராசன் கதை சொல்லப்படுகிறது. அதே கோட்டையைக் குறித்து அவ்வந்நாளில் தமிழிலேயே எழுதிவைத்த ஒருவர் உண்டென்பது அதிகம் சொல்லப்படுவதில்லை.

பிள்ளையின் நடை இலக்கண நடையன்று. பேச்சுத் தமிழோடு பாரசீகமும் தெலுங்கும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் கைகோத்து வருகின்றன. கப்பல் வந்த நேரம், சரக்கின் விலை, ஆளுநர் மாளிகையில் யாருக்கு முதலில் மரியாதை, எந்த விருந்தில் எத்தனை பீரங்கிக் குண்டு முழங்கிற்று, சோதிடர் குறித்த நல்ல வேளை ஆகிய எல்லாம் ஒரே கையால் ஒரே கவனத்தோடு பதிவாகின்றன. ஐரோப்பிய வாணிபமும் ஐரோப்பியப் போர்முறையும் தமிழ் மண்ணில் வேர்விட்ட காலம் அது. அந்த மாற்றத்தை அவர் தத்துவமாகப் பேசவில்லை. தம் பாக்குச் சரக்குக்கும் குடும்பப் பெருமைக்கும் அதனால் என்ன வரும் என்றே பார்க்கிறார். இது குறைபோலத் தோன்றினும், நூலின் நம்பகத்தன்மை இதில்தான் இருக்கிறது எனலாம்.

கத்தோலிக்க வாசகர் நின்று படிக்கவேண்டிய பக்கங்கள் இரண்டு.

முதலாவது, 1745 அக்டோபர் மாதக் குறிப்பு. நகரின் மக்கள் 'சம்பா கோயில்' என்றழைத்த இயேசு சபையார் ஆலயத்தினுள், சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் இந்த வேற்றுமை கூடாதென்கிறார். ஒடுக்கப்பட்ட மக்கள் திரண்டு சென்று தலைமைக் குருவிடம் நியாயம் கேட்கின்றனர். சுவர் இடிக்கப்படுகிறது. அடுத்து, நகையும் நறுமணமுமாய் வந்த செல்வக் குடும்பத்துப் பெண் ஒருவரைக் குரு கடிந்து வெளியேறச் சொல்கிறார், உயர்குடியினர் கொதித்தெழுகின்றனர். பிள்ளை இதனை ஒரு நகரக் கலவரமாகவே எழுதுகிறார். சுவர் போனதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவருடைய எழுத்திலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு: சுவரை அசைத்தது மேலிருந்து வந்த ஆணை மட்டுமன்று, கூட்டமாய்ப் போய்க் கேட்டவர்களின் குரலும்தான். அவர்களுள் ஒருவர் பெயரேனும் குறிக்கப்படவில்லை. அதே 1745இல் கனகராய முதலியார் உழவர்கரையில் கட்டிய ஆலயத்திற்காக அளித்த விருந்திலோ, சாதிவாரியாகத் தனித்தனியே சமையல் நடந்த விவரத்தைப் பிள்ளை நுணுக்கமாய் எழுதுகிறார்.

இரண்டாவது பக்கம் நமக்கு இன்னும் கடினமானது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த வேளையில், சம்பா கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. இயேசு சபைக் குரு கேர்து லிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்ததாகப் பிள்ளை எழுதியிருக்கிறார். கலங்கிப்போன ஊர்த் தலைவர்கள், எடுக்க முடிந்த திருமேனிகளைக் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுசெல்கின்றனர். இதே கேர்து, 1767இல் சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிரெஞ்சு அறிஞர்களுக்கு எழுதி விளக்கிய பேரறிஞர். மொழிநூல் வரலாறு அவரை மதிப்போடு நினைவுகூர்கிறது. மறைப்பணி வரலாற்றை எழுதுவோர் அந்தப் புகழைச் சொல்லிவிட்டுச் சம்மட்டியை விட்டுவிடுவது நேர்மையாகாது. எழுதியவர் பிற சமயத்தவர் ஆதலால் மிகைப்படுத்தியிருப்பார் என்று ஒதுக்கவும் இயலாது. கிறிஸ்தவ அதிகாரியின் கீழ் பணிபுரிந்து, தம் பதவிக்கு அஞ்சி வாழ்ந்த மனிதர், வெளியிடும் எண்ணமின்றித் தனியே எழுதிய வரிகள் அவை. (துய்ப்ளேயின் மனைவிமேல் பிள்ளைக்கு இருந்த கசப்பை மட்டும் சற்றுத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.)

ஆனந்தரங்கரின் பார்வைக்கும் எல்லை உண்டு. மரியாதையின் படிநிலைகளை அவரைப்போல் துல்லியமாய்க் கண்டவர் அரிது. அப்படிநிலைக்கு வெளியே நின்றவர்களைக் கண்டதோ மிகக் குறைவு. படைகள் கடந்துபோன செஞ்சிச் சீமையில் உழவன் என்ன விதைத்தான், எதை இழந்தான் என்பதைத் தேடிப் போகிறவருக்கு வரவு செலவும் கொள்ளைச் செய்தியுமே பெரும்பாலும் கிட்டும். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் நாவல்களில் இந்த நாட்குறிப்பிலிருந்து அக்காலத்து மனிதர்களை உயிர்ப்பித்துக் காட்டியதற்கு இவ்வெற்றிடமும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோர், நம் புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரை நினைத்துக்கொள்ளட்டும். 2008 மார்ச்சில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே எழுந்த சாதி மோதலில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 1745க்கும் 2008க்கும் இடையே 263 ஆண்டுகள்.

சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்நூல், இப்போது தமிழிலும் தொகுதிகளாகக் கிடைக்கிறது. முழுவதையும் வரிசையாய்ப் படிக்கப் பொறுமை வேண்டும். பங்குகளின் வாசகர் வட்டத்தார் 1745 அக்டோபரிலிருந்து தொடங்கலாம். அங்கிருந்து 1748 செப்டம்பருக்குச் செல்லலாம். அதன்பின் கடைசிப் பக்கங்கள். முற்றுகையில் நகரம் பசியால் வாடுகிறது. பிள்ளை நோயுற்றிருக்கிறார். 1761 சனவரி 12இல் அவர் மறைந்தார். நான்கு நாள்களில் புதுச்சேரி வீழ்ந்தது. சம்பா கோயிலும் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் செஞ்சியும் கைமாறிற்று. அதை எழுத அவர் இல்லை.