தேநீர்க் கோப்பையும் பெயரிழந்த சிறுவனும்

மீரா நாயரின் நெறியாள்கையில் 1988இல் வெளிவந்த 'சலாம் பாம்பே' என்னும் இந்தித் திரைப்படத்தைப் போற்றுவோர் பலர். கான் திரைப்பட விழாவிலும் அது பரிசு பெற்றது. தெருச் சிறுவர்களையே நடிக்கச் செய்தமை அதன் உயிர்ப்புக்குக் காரணம் என்பதில் எமக்கும் ஐயமில்லை. ஆயினும், புகழுரைகள் எழுப்பாத வினாவொன்றை நாம் எழுப்ப வேண்டியுள்ளது.

கதைத்தலைவன் கிருஷ்ணா. 500 ரூபா சேர்த்தாலன்றி அவன் வீடு திரும்ப முடியாது. பம்பாய்த் தேநீர்க்கடையொன்றில் கோப்பை சுமக்கும் எடுபிடியாகிறான். அங்கே அவன் பெயர் மறைந்து, 'சாய்பாவ்' என்றாகிவிடுகிறது. தேநீரும் பாணும் என்பதே அதன் பொருள். சுமக்கும் பண்டமே சுமப்பவனின் பெயராகிறது. எழுதத் தெரியாத அச்சிறுவன் காசு கொடுத்துத் தாய்க்குக் கடிதம் எழுதுவிக்கும் காட்சி, நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் எம்மை நிலைகுலையச் செய்தது.

ஆனால், கதை வளர வளரப் பழி முழுவதும் போதைப்பொருள் விற்கும் பாபாவின் தலையிலே குவிகிறது. இறுதியில் கிருஷ்ணாவின் கத்தி அவன்மீது பாய்கிறது. கொடியவன் ஒருவன் அகப்பட்டதும் பார்ப்போர் மனம் ஆறிவிடுகிறது. சிறுவன் ஏந்திவந்த தேநீரை மலிவாகக் குடித்தவரோ குற்றமற்றவராய் ஒதுங்கிவிடுகின்றனர். படத்தின் குறை இதுவேயாகும்.

சட்டத்தின் கதையும் இத்தகையதே. சிறுவர் தொழில் பற்றிய இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் சில தொழில்களை மட்டுமே தடுத்தது. தேநீர்க்கடைகளும் உணவகங்களும் அத்தடைக்குள் வந்தது 2006 ஒக்டோபரிலேதான். 2016இல் 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றாயிற்று. எனினும், பாடசாலை நேரத்துக்குப் புறம்பே, ஆபத்தற்ற குடும்பத்தொழிலில் உதவுவதற்கு விலக்களிக்கப்பட்டது. மாமன் கடையும் அங்கே குடும்பத்தொழிலே. ஏழைச் சிறுவனுக்கு மாமனாகிவிட எந்த முதலாளிதான் தயங்குவான்?

இலங்கையில் வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. நன்று. ஆயினும், "பொடியா, ஒரு பிளேன்ரீ!" என்று கடைவாசலில் குரல்கொடுத்த வாய்கள் எம்முடையவை அல்லவா? அந்தப் பொடியனின் பெயரை நாம் என்றேனும் கேட்டதுண்டா?

இரக்கத்தைத் தூண்டுவதோடு கலையின் கடமை முடிந்துவிடுவதில்லை. கோப்பையை ஏந்தியவனோடு, அதைக் குடித்துவிட்டுச் சில்லறையை எறிந்து செல்பவனையும் எமக்குக் காட்டும் படைப்புகள் தோன்றவேண்டும்.