பழைய கிதாருக்குப் புது பெயிண்ட் எதற்கு?

வியாசர்பாடி, பெரம்பூர், ராயபுரம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ஒரு காலத்தில் ஃபெண்டரோ கிப்சனோ வைத்திருந்தவரே ராஜா. தாராளமயத்துக்கு முந்தைய இந்தியாவில் வெளிநாட்டு கிதாரை வரவழைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. மற்றவர்களுக்குக் கிடைத்தது கொல்கத்தாவில் செய்த கிவ்சன், ஹாப்னர் வகையறா. கல்யாணம், கோயில் திருவிழா, மாநகராட்சித் தேர்தல் என்று எதையும் விடாமல் வாசித்துத் தேய்ந்த அந்த கிதார்கள், இப்போது பரணிலிருந்து இறங்கி இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்பனைக்கு வருகின்றன. 'கிவ்சன்' என்பதைக் 'கிப்சன்' என்றே போட்டு விலையை ஏற்றுகிறவர்களும் உண்டு. வாங்கிவிட்டவருக்கு அடுத்த கேள்வி: இதை எந்த அளவுக்குச் சரிசெய்வது?

ஒன்றையும் தொடாதே என்கிறது சேகரிப்பாளர் கட்சி. ஆணி, ஸ்க்ரூ, பெயிண்ட் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். இந்த விதிக்குப் பின்னால் இருப்பது விலை. 1950களின் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்றுக்கு மறுபூச்சு அடித்தால் அதன் மதிப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பது அந்தச் சந்தையின் பொதுக் கணக்கு. கொல்கத்தா கிதாருக்கு அப்படி ஒரு சந்தையே இல்லாதபோது விதியை மட்டும் ஏன் இரவல் வாங்க வேண்டும்? இந்தக் கட்சி கும்பிடும் கிதார்களே விதிப்படி நடந்தவை அல்ல. அயர்லாந்தின் கிதாரிஸ்ட் ரோரி கேலகர் 1963இல் கார்க் நகரில் 100 பவுண்டுக்கு வாங்கிய 1961 ஸ்ட்ராட், உலகிலேயே அதிகம் பெயிண்ட் உதிர்ந்த கிதார்களில் ஒன்று. அவருடைய வியர்வை அப்படி என்பார்கள். (சித்திரை வெயிலில் பந்தலுக்குக் கீழே நின்று வாசித்தவர்களுக்கு அந்தக் கதை பெரிய ஆச்சரியம் தராது.) ஆனால் அந்த கிதாரில் ஃப்ரெட்டுகள் பலமுறை மாற்றப்பட்டன, ட்யூனிங் கீ மாறியது, உள்பாகங்கள் மாறின. வாசிக்கத் தேவையானதையெல்லாம் அவர் மாற்றினார், பெயிண்ட்டை மட்டும் அதன் போக்கில் விட்டுவிட்டார்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி நம் தெருக்களில் பலமானது. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் எந்த டிங்கரிங் பட்டறையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "எடுத்தாண்ணா, புத்சு மாதிரி ஆக்கித் தரேன்." இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. ஃபெண்டர் தன் புகழ்பெற்ற நிறங்களை எடுத்ததே கார் பெயிண்ட்டிலிருந்துதான். ஃபியஸ்டா ரெட், ஃபோர்டு தண்டர்பேர்டின் நிறம். லேக் பிளாசிட் ப்ளூ, கேடிலாக்கினுடையது. டுபான்ட் நிறுவனத்தின் டூகோ லாக்கரை ஃபெண்டர் கிதாருக்கு அடித்தது; அதே பெயரைத்தான் நம் பட்டறைகள் டக்கோ ஆக்கி இன்றும் சொல்கின்றன. ஆகவே கார் பட்டறையில் கிதாருக்கு பெயிண்ட் அடிப்பது மரபுக்குத் துரோகம் என்ற வாதம் நிற்காது.

வேறு காரணங்களால்தான் நான் அதை ஏற்கவில்லை. மலிவு கிதார்கள் பலவற்றின் உடல் பிளைவுட். மேலே ஒட்டியிருக்கும் மர அடுக்கு மெல்லியது. உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் அடுத்த அடுக்கு வெளியே வந்துவிடும். இப்போது பட்டறையில் அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் பழைய லாக்கரைவிடத் தடிமனாக உட்காரும். கழுத்து பொருந்தும் குழிக்குள் அது ஒரு பூச்சு கூடுதலாக ஏறினாலே கழுத்தின் கோணம் மாறும். அதைவிட முக்கியம், என்ன போய்விடுகிறது என்பது. நான் பிரித்துப் பார்த்த ஒரு கிவ்சனின் கீழ் ஓரத்தில் குழுவின் பெயரை எனாமலில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். வலது முழங்கை உரசிய இடத்தில் பாதி எழுத்து போயிருந்தது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது, கானாவுக்குப் பக்கத்தில் மின்கிதார் நின்றது பலருக்குப் புதுமையாகப் பட்டிருக்கலாம். வடசென்னையில் மின்கிதாருக்கு அதைவிட நீண்ட கதை உண்டு. அந்தக் கதைக்கு எழுத்தில் சாட்சி குறைவு. உள்ள சில சாட்சிகளில் ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மினுமினுப்பு வாங்குவது நல்ல வியாபாரம் அல்ல. ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் 1995இலிருந்து புது கிதாரையே தேய்த்துப் பழசாக்கி அதிக விலைக்கு விற்கிறது என்பது இதில் ஒரு வேடிக்கை.

ஃப்ரெட் விஷயத்தில் எனக்கு இந்தத் தயவு கிடையாது. ஃப்ரெட் என்பது தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த கம்பி. விரல்பலகைக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நிற்கும். அந்த கிவ்சனில் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில், இரண்டாம் மூன்றாம் தந்திகளுக்குக் கீழே, நகம் வைத்தால் மாட்டும் அளவுக்குப் பள்ளம். திறந்த கார்டுகளை வருஷக்கணக்காக வாசித்த கை அது. இந்தத் தடமும் ஒரு சாட்சிதானே, ஏன் காப்பாற்றக் கூடாது என்று கேட்கலாம். பள்ளம் விழுந்த ஃப்ரெட்டில் தந்தி அடுத்த ஃப்ரெட்டில் பட்டு அதிரும், சுருதி விலகும். பெயிண்ட் உதிர்ந்தால் இதில் எதுவும் நடக்காது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் தீர்ப்பு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பள்ளம் மேலோட்டமானால் அரத்தால் சமன்செய்து வளைவு தரலாம். ஃப்ரெட்டின் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தால் பிடுங்கத்தான் வேண்டும். அதற்கு முன் சால்டரிங் அயர்னால் சூடேற்றாவிட்டால் மரம் செதில் செதிலாகப் பெயரும். விரல்பலகை காய்ந்திருக்கிறதென்று தேங்காயெண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், அது சிக்குப் பிடிக்கும்.

தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் தீர்ப்பு சற்று சிக்கலானது. கடல்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் சுருளின் முனையில் பச்சை பிடித்து கம்பி அறுவது சகஜம். மல்டிமீட்டரை வைத்தால், நல்ல ஒற்றைச்சுருள் பிக்கப் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கிலோ ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடைக்கு இங்கே பஞ்சமில்லை, ஆனால் ஃபேன் காயில் வேறு, இது வேறு. பிக்கப்பின் கம்பி ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், தலைமுடி கனம், ஏழெட்டாயிரம் சுற்று. இருந்தும் சீனப் பிக்கப்பைப் போடுவதைவிட, இந்தக் கம்பியில் கைபழகியவரைத் தேடிப் பழையதையே மறுபடி சுற்றுவது மேல். அந்த கிதாரின் குரல் என்று எதையாவது சொல்ல முடியுமானால், அது பெரும்பாலும் அந்தக் காந்தத்திலும் சுருளிலும்தான் இருக்கிறது. வால்யூம் பாட், கெபாசிட்டர், ஜாக், சுவிட்ச் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும், தயங்காமல் மாற்றலாம். பழைய கெபாசிட்டரில் மந்திரம் இருக்கிறது என்பவர்களிடம் வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

இத்தனை செலவுக்குப் பத்துப் பதினைந்தாயிரத்தில் புது கிதாரே வாங்கலாமே என்ற மூன்றாவது வாதம்தான் மூன்றிலும் வலுவானது. இன்றைய மலிவு கிதாரில் ஃப்ரெட் உட்காரும் காடிகளை இயந்திரம் வெட்டுகிறது, இடம் பிசகாது. பழையவற்றில் அந்த உத்தரவாதம் இல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டிய ஸ்வரமும், அங்கேயே அழுத்தி மீட்டிய ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் பிரிட்ஜை நகர்த்திச் சரிசெய்யலாம். அதைச் செய்த பிறகும் ஐந்தில் ஒரு விதமாகவும் ஒன்பதில் ஒரு விதமாகவும் சுருதி தப்பினால், காடியே தப்பாக வெட்டப்பட்டது. அதை எந்தக் கைவண்ணமும் காப்பாற்றாது. கழுத்தும் அப்படித்தான்: தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு தாள் நுழைந்தால் நல்லது, தீக்குச்சி நுழைந்தால் வளைந்திருக்கிறது. உள்ளே சரிசெய்யும் இரும்புக்கம்பி இல்லாத பழைய கழுத்தாக இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற கிதார்களும் சந்தைக்கு வரலாம். பிளைவுட் ஓரம் வீங்கி அடுக்கு விட்டிருப்பது விற்பவர் போடும் படத்தில் தெரியாது. இந்தச் சோதனைகளில் தோற்ற கிதாருக்குப் புதியதை வாங்கச் சொல்பவர் பக்கம்தான் நான்.

தேறிய கிதாருக்கு: ஃப்ரெட், நட், ட்யூனிங் கீ, வயரிங் மாறட்டும், பிக்கப் சுற்றப்படட்டும், பெயிண்ட் துடைக்கப்பட்டால் போதும். மிஞ்சும் பணத்தில் மெல்ல ஒரு கோட்டிங் அடித்துவிடலாமா என்று கேட்பவர்கள், முதலில் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைப் பார்க்க வேண்டும். கிதாரின் பிரிட்ஜிலிருந்து ஒரு எர்த் வயர் ஆம்ப் வரை போகிறது; தந்தியைத் தொட்டிருக்கும் கையும் அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. 1972 மே 3 அன்று ஸ்வான்ஸீயில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிதாரிஸ்ட் லெஸ் ஹார்வி எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். தெருமுனைக் கச்சேரிக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் எடுக்கிற ஊரில், மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகிய ஆம்ப் இன்னும் எத்தனையோ உண்டு. பெயிண்ட் காசு அந்த எர்த்துக்குப் போகட்டும்.