சீண்டலாம், ஆனால் காவிரியில் வேண்டாம்

பக்கத்து நாட்டைச் சீண்டிச் சுற்றுலா வளர்ப்பதில் 2018-இல் நியூசிலாந்து எடுத்த விளம்பரப்படம் நல்ல உரைகல். உலக வரைபடங்களில் தங்கள் நாடு அடிக்கடி விடுபட்டுப்போவது பெரும் சதி என்று நகைச்சுவை நடிகர் ரைஸ் டார்பி அதில் புலம்புவார். சந்தேகம் ஆஸ்திரேலியா மேலும் விழும். பிரதமர் ஜசிந்தா ஆர்டனும் கூடவே நடித்தார். குத்து அண்டை வீட்டுக்கு என்றாலும், முதலில் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்துச் சீண்டல்களில் இந்தச் சுயகேலி இல்லை. 2022-இல் பெங்களூரு சாலைகளைப் பற்றி ஒரு தொழில்முனைவர் அலுத்துக்கொண்டபோது, மூட்டை கட்டி ஐதராபாத் வந்துவிடுங்கள் என்றார் தெலங்கானா அமைச்சர் கே.டி. ராமராவ். சவாலை ஏற்கிறேன் என்றார் கர்நாடகக் காங்கிரஸின் டி.கே. சிவகுமார். சுவையான சண்டைதான், ஆனால் அடுத்தவர் குழியை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிட்டது.

தமிழக-கர்நாடக எல்லையில் போட்டிக்கு ஏற்ற சரக்கு ஒகேனக்கல் அருவி. காவிரியே அங்கே எல்லைக்கோடு. இக்கரையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதி. அக்கரையில் கோபிநத்தம் காட்டில் கர்நாடகத்தின் ஜங்கிள் லாட்ஜஸ் முகாம். 'இந்தியாவின் நயாகரா' என்று விற்கிறோம். சத்தீஸ்கரின் சித்ரகோட்டும் கேரளத்தின் அதிரப்பள்ளியும் அதே பட்டத்தைச் சூடியிருப்பதை யாரும் சொல்வதில்லை! சனிக்கிழமை காலையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக இறங்கும் கர்நாடகத்தின் கே.ஏ. எண் வண்டிகளைப் பார்த்தால் போட்டியின் லட்சணம் புரியும்: எதிராளிதான் நம் வாடிக்கையாளர்.

அப்படியிருந்தும் இங்கே கேலி செல்லாது. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துவந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பு சிறியதல்ல. 2013-இல்தான் திட்டம் திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிந்தன. பேருந்துகள் ஜூஜூவாடியோடு நின்றுவிட, பயணிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள். தண்ணீரை வைத்து விளையாட அடுத்தவர் சிரிப்பார் என்ற உறுதி வேண்டும். இரு கரையிலும் அது இல்லை.

ஆகவே ஒகேனக்கல்லை விட்டுவிடலாம். சீண்டலுக்கு உகந்தது எல்லை ஊரான ஓசூர்தான். குறிப்பாக அதன் ரோஜா. காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் அந்தப் பூ பறப்பது பெங்களூரு விமான நிலையத்திலிருந்து. ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறோம். 'பூ எங்களுடையது, ஓடுதளத்தைக் கொஞ்ச நாளைக்குக் கொடுங்கள்' என்று பெங்களூரு சாலையில் ஒரு பலகை வைத்தால் நியூசிலாந்து அளவுகோலில் தேறும். அறிவிப்பைச் சாதனையாகவே பேசிப் பழகிய அரசு அதற்கு ஒப்புக்கொள்ளுமா என்பதில்தான் எனக்கு ஐயம்.