அரிவாட்டாயர் புராணத்தில் நிலமும் அமுதும்

சேக்கிழார் சுவாமிகள் நாட்டுவளங் கூறும் பகுதிகளைக் காப்பிய இலக்கணம்பற்றி வந்த அணியெனக் கொண்டு, அவற்றை விரைந்து கடந்து கதையையே நாடிச் செல்வார் பலர். நாட்டுவருணனை காப்பியத்திற்கு உறுப்பாதல் உண்மையே. ஆயினும், திருத்தொண்டர் புராணத்தில் நிலம் அணியளவில் நில்லாது அடியார் செயலுக்கே உயிராய் நிற்கும் என்பதனை அரிவாட்டாய நாயனார் புராணம் ஒன்றுகொண்டே துணியலாம்.

சோழநாட்டுக் கணமங்கலத்து வேளாளராகிய தாயனார் நாடோறும் இறைவற்கு அமைத்தன செந்நெல்லரிசி அமுது, செங்கீரை, மாவடு என்னும் மூன்றாம். இவை மருதநிலத்து வயலும் கொல்லையும் தோப்பும் தருவன. செல்வந் தேய்ந்து கூலிக்கு நெல்லறுக்க நேர்ந்தபோது, கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவற்கும் கார்நெல்லைத் தமக்கும் வகுத்துக்கொண்டார். பின்னர் எங்கும் செந்நெல்லே கூலியாய்க் கிடைக்க, அனைத்தும் இறைவற்கே என மகிழ்ந்து, மனைவியார் கொய்தளித்த கொல்லைக் கீரையையும், அதுவும் அற்றவழி நீரையுமே உண்டிருந்தார். செந்நெல்லுக்கும் கார்நெல்லுக்கும் உள்ள வேறுபாடு அறியாதார்க்கு இவ்வன்பின் அளவு விளங்குமாறு யாங்ஙனம்?

இனி, கமரினை நோக்குவாம். பசியால் தளர்ந்த நாயனார் வழியிற் கால்தப்பி வீழ, சுமந்துவந்த அமுது நிலவெடிப்பிற் சிந்திற்று. களிமண் வயல் நீர் வற்றியபின் வெயிலிற் பிளத்தல் சோழநாட்டு உழவர் ஆண்டுதோறுங் காண்பது. மா வடுத்தாங்கும் காலமும் சம்பா அறுவடையை அடுத்தே வரும். வரலாறு நிகழ்ந்த பருவம் இதுவெனத் துணிதல் வேண்டா. எனினும் நெல்லும் வடுவும் வெடிப்பும் ஒரே நிலத்தின் இயல்புகளாதல் கருதத்தக்கது.

“திருக்கோயிலின் முன்னன்றிக் கமரிலே அருள் வெளிப்பட்டது என்னை?” எனின், கூறுதும். நிலம் இறைவனுடைய அட்டமூர்த்தங்களுள் ஒன்று. அவன் உலகுயிர்களோடு ஒன்றாய் வேறாய் உடனாய் நிற்பவன். அன்பர் தம் கழுத்தினை அரிவாளால் அரியத் தொடங்க, அவ்வெடிப்பினின்று திருக்கை எழுந்து தடுத்ததும், மாவடுவைக் கடிக்கும் ஓசை எழுந்ததும் அவ்வுண்மையை வயல்மண்ணில் வைத்துக் காட்டின. நெல்லை ஈந்த நிலமே அமுதை ஏற்கும் வாயும் ஆயிற்று.

கண்ணப்பர் புராணத்து மலையும் வேட்டையும் ஊனும் இவ்வாறே பிரிக்கலாகாதன. ஊனமுதைக் கணமங்கலத்திலும் மாவடுவைக் காளத்தியிலும் மாற்றி வைப்பின் இரு வரலாறும் வேரற்றுப்போம்.

இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த தாராசுரத் திருக்கோயிலில் அடியார் வரலாறுகள் சிறு சிற்பங்களாக விளங்குகின்றன. சிறு கல்லில் அடியாரும் அவர் செயலும் அமையும். நெல்லின் வேறுபாடும் பசியின் படிகளும் அமைதல் அரிது. அவற்றை நமக்குக் காத்தளித்தது சேக்கிழார் செய்யுளே.

ஆகலின், புராணத்தைச் சுருக்கிப் பயிற்றுவோர் நிலத்தையும் அமுதையும் விலக்கி அற்புதத்தை மட்டும் கூறுவராயின், கற்போர் திருக்கையைக் காண்பர். அஃது எழுந்த மண்ணைக் காணார். இறைவன் நம்மூர் வயலிலும் உளன் என்னும் துணிவு அவர்க்கு எங்ஙனம் பிறக்கும்?