துள்ளும் பெயர்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பாயூ லாஃபூர்ஷ் ஓடைக் கரையில் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மீனவர்கள் பேசும் பிரெஞ்சில் இறாலுக்கு 'ஷெவ்ரெத்' என்று பெயர். சின்ன ஆடு என்று பொருள். வலையை உதறியதும் படகின் தளத்தில் அது துள்ளுகிற துள்ளலுக்கு எவ்வளவு பொருத்தம்! தொண்டைக்குள் இருக்கும் பற்களால் சிப்பியை நொறுக்கித் தின்னும் நன்னீர் மீன் 'காஸ்பர்கூ'. அதாவது சிப்பி உடைப்பான். அலகுக்கடியில் பை தொங்கும் கூழைக்கடா 'கிரான் கோசியே', பெருந்தொண்டைக்காரன். எல்லாம் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள்.

1921ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. வீட்டு மொழியான பிரெஞ்சைப் பேசிய பிள்ளைகள் தண்டனை பெற்றார்கள். ஆனால் வகுப்பறையில் தோற்ற மொழி மீன்களின் பெயர்களில் பிழைத்துக்கொண்டது. பிரெஞ்சு தெரியாத பேரப்பிள்ளைகளும் இன்று காஸ்பர்கூவை 'கூ' என்றுதான் சுருக்கி அழைக்கிறார்கள்.